சந்தனம், சாமை, பட்டா: ஜவ்வாது மலைப் பெண்கள்

ஜவ்வாது மலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் செங்கம் நடுகற்களில் தொடங்கிக் காவலூர் தொலைநோக்கியில் முடிப்பர். இடையில் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைப்பது சொற்பம். காடு வழக்காக மாறிய பிறகே அவள் ஏட்டில் ஏறினாள்.

இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்தவர் அல்லர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பது அவர்களது மரபுக்கதை. சேர்வராயன், கல்வராயன், சித்தேரி மலைகளிலும் இவ்வினத்தாரே வாழ்கின்றனர். ஆகவே சித்தேரி அடிவாரத்து வாச்சாத்தியை விட்டுவிட்டு ஜவ்வாது மலைப் பெண்களின் பாதுகாப்பைப் பேச இயலாது.

1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளாயினர். சிறையிலடைக்கப்பட்ட 133 பேரில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியமும் கிணற்று நீரும் பாழாக்கப்பட்டன. உடலைச் சிதைத்தவர்கள் அடுப்பையும் விட்டுவைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே நாளில், சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு, வேலையோ சுயதொழிலோ தரவும் ஆணையிட்டது. பாதுகாப்பும் பிழைப்பும் ஒரே தாளில் எழுதப்பட முப்பத்தோராண்டுகள் ஆயின.

நிலத்தின் கதை வேறு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, மணமானவர்களுக்குரிய உரிமைப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட வேண்டும். மலைப்பெண்ணின் பெயர் நிலத்தோடு சேர்வது சிறிய செய்தியன்று. ஆனால் 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்கல் முடங்கிற்று. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் தடையை விலக்கியது. அந்த இடைவெளிக்குள்ளேதான், 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறி 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். பட்டா கையிலிருந்தால் அவர்கள் போயிருக்க மாட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. போகாமலிருக்க ஒரு காரணமாவது இருந்திருக்கும். எஞ்சியவர்கள் கைம்பெண்கள், மானாவாரிச் சாமைக் கொல்லையும் கூலி வேலையுமே அவர்களுக்கு வழி.

சாமையோ எளிதில் உமி நீங்காத தானியம். வீட்டுக்கு வேண்டியதைக் குத்துவதற்கே தோள் வலிக்கும். விற்பதை உமியோடு கொடுத்தால், அரிசியாக்குவதன் ஆதாயம் கீழே இருக்கும் வியாபாரிக்குப் போய்விடுகிறது. ஆலைகள் மலைமேலேயே இருப்பதும் அவை பெண்களின் பொறுப்பில் இயங்குவதும், நம் பார்வையில், நிவாரணத் தொகைகளைவிட முக்கியமானவை.

இதுவரை நீதிமன்றங்களில் சாட்சிகளாகவும் மனுதாரர்களாகவும் நின்ற இவ்வினத்திலிருந்து, ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த 23 வயது ஸ்ரீபதி 2024 பிப்ரவரியில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். பிள்ளை பெற்ற சில நாள்களிலேயே சென்னைக்குப் பயணித்து அத்தேர்வை எழுதியவர் அவர்.