விரியன் நஞ்சும் இரத்த உறைவும்

விரியன் நஞ்சு, இரத்தம் உறையும் முறையைக் குலைத்து உயிருக்குத் தீங்கு விளைவிக்கும் நஞ்சு. நல்லபாம்பு நரம்புகளைத் தாக்க, விரியன்கள் முதன்மையாக இரத்தத்தைத் தாக்குகின்றன. கட்டுவிரியன் பெயரளவில் மட்டுமே விரியன். அதன் நஞ்சும் நரம்பு நஞ்சே. பொதிகை மலையிலிருந்து மன்னார் வளைகுடா வரை ஏறத்தாழ 128 கி.மீ. ஓடும் தாமிரபரணியின் பள்ளத்தாக்கில், இரத்தத்தைத் தாக்கும் மூன்று விரியன்களுக்கு ஏற்ற வாழிடங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

வாழிடம்

மேற்கே, களக்காடு–முண்டந்துறை போன்ற ஈரக்காடுகளின் சருகுகளிடையே மூக்கு நுனி மேடிட்ட குழிவிரியன் (ஹிப்னேல்) வாழ்கிறது. நடுவே, கார், பிசானம் என இரு போகம் விளையும் வயல்களில் எலி மிகுதி. எலியை நாடிக் கண்ணாடி விரியன் வருகிறது. இரவில் மடை பார்க்கப் போவோரும் அறுவடை செய்வோரும் இதனிடம் கடிபடும் வாய்ப்பு அதிகம். கிழக்கே முட்புதர்க் காடும் தேரி மணலுமான வறண்ட நிலம், செதில்களை உரசி ஓசை எழுப்பும் சுருட்டை விரியனுக்கு உகந்தது.

செயல்முறை

காயம் பட்டதும் இரத்தத்திலுள்ள உறைவுக் காரணிகள் ஒன்றையொன்று வரிசையாகத் தூண்டுகின்றன. பத்தாம் காரணி புரோத்ராம்பினைத் த்ராம்பினாக்கும். த்ராம்பின், கரைந்த நிலையிலுள்ள ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரின் இழைகளாக்கும். கண்ணாடி விரியன் நஞ்சு ஐந்தாம், பத்தாம் காரணிகளை நேரடியாகத் தூண்டுகிறது. சுருட்டை விரியன் நஞ்சிலுள்ள எக்காரின், அதற்கு அடுத்த படியில் புரோத்ராம்பினையே தாக்குகிறது.

உறைவைத் தூண்டும் நஞ்சால் இரத்தப்போக்கு உண்டாவது இச்செயல்முறையின் சிறப்பியல்பு. காயமில்லாத இடங்களிலும் உறைவு தொடங்கிவிடுவதால், ஃபைப்ரினோஜென் சில மணி நேரத்தில் செலவாகித் தீர்கிறது. பிறகு இரத்தம் உறைய வழியின்றி ஈறு, சிறுநீர், சில வேளை மூளை ஆகியவற்றில் கசிகிறது. நஞ்சின் பிற நொதிகள் இரத்தக்குழாய்ச் சுவர்களையும் அரிக்கின்றன. கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகம் செயலிழப்பதும் உண்டு.

ஆய்வு வரலாறு

கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இடம்பெற்ற பேட்ரிக் ரசல், சோழமண்டலக் கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றிய நூலை 1796இல் வெளியிட்டார். 1934இல் இலண்டனில் ராபர்ட் க்வின் மக்ஃபர்லேனும் பர்ஜஸ் பார்னெட்டும், நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சைத் தடவினால் ஹீமோஃபிலியா நோயாளியின் காயத்தில் இரத்தம் நிற்பதைக் காட்டினர். உறைவு படிப்படியாகப் பெருகும் வினைத்தொடர் என்ற கருத்தை மக்ஃபர்லேன் 1964இல் முன்வைத்தார். 1986இல் பெருமாள் தியாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் விவரித்த, இதே நஞ்சைக் கொண்டு செய்யும் சோதனை, லூபஸ் எதிர்ப்பொருளைக் கண்டறிய இன்றும் பயன்படுகிறது.

சுருட்டை விரியன் நஞ்சிலுள்ள எக்கிஸ்டாடின் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. அதை மாதிரியாகக் கொண்டு உருவான டைரோஃபிபான், 1998இல் அமெரிக்காவில் இதய நோய் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சக்திவேல் வையாபுரி, ஆப்பிரிக்க விரியன் ஒன்றின் நஞ்சில் தட்டணுக்களைத் தடுக்கும் ரைனோசெட்டினை விவரித்தார் (2012). தமிழக ஊர்ப்புறங்களில் பாம்புக்கடி ஏற்படுத்தும் சமூக, பொருளாதாரப் பாதிப்பு குறித்த இவரது குழுவின் ஆய்வு 2013இல் வெளிவந்தது.

கண்டறிதலும் சிகிச்சையும்

கடிபட்டவரின் இரத்தத்தில் சுமார் 2 மி.லி. எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் சாய்ப்பர். உறையாமல் வழிந்தால் விரியன் நஞ்சு ஏறியிருப்பதாகக் கொள்வர். கண்ணாடிப் பரப்பே உறைவைத் தூண்டுவதால் பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது.

நச்சுமுறி மருந்து மட்டுமே உரிய சிகிச்சை. கடிவாயைக் கீறுவது, நிற்காத இரத்தப்போக்குக்கு வழிவகுக்கும். மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே இம்மருந்து தயாரிக்கப்படுகிறது. ஆகவே தாமிரபரணியின் வயலிலும் தேரியிலும் கடிபட்டவருக்கு மருந்து உண்டு. ஆனால் அந்த ஆறு பிறக்கும் மலைக்காட்டில் குழிவிரியனிடம் கடிபட்டவருக்கு அதற்கென நச்சுமுறி இந்தியாவில் இல்லை.