பழைய உணவகப் பீங்கான் சேகரிப்பு

அமெரிக்க உணவகங்களிலும் ஓட்டல்களிலும் ரயில்களின் சாப்பாட்டுப் பெட்டிகளிலும் புழங்கிய கனத்த பீங்கான் தட்டு, கோப்பை, கிண்ணங்களைத் தேடிச் சேர்ப்பது அந்நாட்டில் வேரூன்றிய ஒரு பொழுதுபோக்கு. இந்தப் பாத்திரங்கள் அலமாரியில் பத்திரமாக இருந்தவை அல்ல. வேளாவேளைக்குப் பரிமாறி, தேய்த்துக் கழுவி, அடுக்கடுக்காகத் தூக்கி வைக்கப்பட்டவை.

இத்தனையையும் தாங்கும் வலு சூளையில் வருகிறது. 1,200 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் களிமண் கலவையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் உருகி நுண்துளைகளை அடைத்துவிடும். மேற்பூச்சு பெயர்ந்தாலும் உள்ளே தண்ணீர் ஊறாது. பெரும்பாலும் சித்திரம் பூச்சுக்கு அடியில் இருப்பதால், எத்தனை முறை கழுவினாலும் அழியாது. 1871-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் தொடங்கிய ஒனண்டாகா பாட்டரி, விளிம்பு சில்லு போகாதிருக்க 1896-இல் உருட்டு விளிம்பைக் கொண்டுவந்தது. பிற்பாடு சிரக்யூஸ் சைனா என்று பெயர் மாறிய இந்நிறுவனத்தின் ஆலை 2009-இல் மூடப்பட்டது.

தேர்ந்த சேகரிப்பாளர் தட்டை எடுத்ததும் கவிழ்த்துப் பார்ப்பார். தயாரிப்பாளரின் முத்திரையும், பல வேளைகளில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அங்கேதான் இருக்கும். பென்சில்வேனியாவின் ஷெனாங்கோ ஆலை, பானைக்குச் சித்திரம் தீட்டும் பூர்வகுடி மனிதரின் உருவத்தைப் பதித்தது. தட்டின் முகப்பில் ஓட்டல் அல்லது ரயில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் விலை ஏறும். வெறும் பச்சைக் கோடு போட்டவை மலிவாகவே கிடைக்கும்.

இத்துறையின் சிகரம் மிம்ப்ரெனோ வரிசை. சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே 1936-இல் ஓடத் தொடங்கிய சாண்டா ஃபே நிறுவனத்தின் சூப்பர் சீஃப் ரயிலுக்காகக் கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் இதை வடிவமைத்தார். நியூ மெக்ஸிகோவில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மிம்ப்ரெஸ் மக்கள் கலங்களில் தீட்டிய பறவை, மீன், முயல் உருவங்களை அவர் செம்பழுப்பு நிறத்தில் வெண்பீங்கானுக்குக் கொண்டுவந்தார். மொத்தம் 37 சித்திரங்கள். சாண்டா ஃபே சாப்பாட்டுப் பெட்டிச் சேவைக்கென்றே செய்யப்பட்டது என்ற வாசகம் அசலின் அடியில் இருக்கும். மறுபதிப்புகளும் சந்தையில் உலவுவதால் இதைப் படித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கலிபோர்னியாவின் வாலஸ் சைனா 1943 முதல் வெளியிட்ட ரோடியோ வரிசைக்கும் இன்று ஏகக் கிராக்கி. ஓவியர் டில் குடன் வரைந்த மாட்டுக்காரர்கள் நடுவில் குதிரையேற, மாடுகளுக்குச் சூடு போடும் பண்ணைக் குறிகள் விளிம்பைச் சுற்றி வரும்.

வாங்கும்போது தட்டை விரல்நுனியில் தாங்கிச் சுண்டிப் பார்க்க வேண்டும். நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஒலி மங்கிவிடும். கத்தி உரசிய சாம்பல் கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம்: அவற்றில் பல, பூச்சின்மேல் ஒட்டிய உலோகத் தடங்கள்தான், ஆக்ஸாலிக் அமிலம் கலந்த துலக்குபொடிக்குப் போய்விடும். பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே பரிசோதிக்காத தட்டில் புளிப்பான உணவைப் பரிமாறாமல் இருப்பதே நல்லது.