மணியின் கணையம்

மணி முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றான். “சாமி கும்புடறான் பாரு” என்று அம்மா சிரித்தாள். மறுநாள் வாந்தி எடுத்தபோதுதான் அது வயிற்றுவலி என்று புரிந்தது. பக்கத்து வீட்டு விசேஷத்தில் ஒதுக்கிப் போட்ட மட்டன் கொழுப்பைத் தின்று தீர்த்திருந்தான். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்த நான், அவனைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போனேன்.

“கணைய அழற்சியா இருக்கலாம்” என்றார் டாக்டர்.

“எம்.ஆர்.ஐ. எடுத்தா தெரிஞ்சிடாதா சார்?”

“படம் நல்லாவே வரும். ஆனா அசையாம படுக்கணும், அதுக்கு மயக்கம் குடுக்கணும். உடம்புல நீரே இல்லாதவனுக்கு மயக்கம் குடுத்தா ரத்த அழுத்தம் இறங்கும். கணையத்துக்குப் போற ரத்தமும் குறையும். தேவையா?”

இரவெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்து போனில் படித்தேன். கணையத்தைப் பற்றி மனுஷன் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு நாய் வயிற்றிலிருந்து வந்தது. 1856இல் பிரெஞ்சு உடலியலாளர் க்ளோத் பெர்னார் ஒரு நாயின் கணைய நாளத்தில் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்தினார். இன்று மணிக்கு வந்திருக்கும் நோயை அன்று வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தார்கள். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் கணையத்தை வெட்டியெடுத்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்தே இன்சுலினைப் பிரித்தார்கள். அப்பா தினமும் காலையில் போட்டுக்கொள்கிற ஊசி அங்கிருந்து வந்தது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

எம்.ஆர்.ஐ.யின் தொடக்கம் இவ்வளவு கொடூரமில்லை. 1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட முதல் படத்தில் இருந்தவை தண்ணீர் நிரம்பிய இரண்டு சிறு குழாய்கள், அவ்வளவுதான். அந்த இயந்திரம் தேடுவது தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனை. வீங்கிய கணையத்தில் நீர் கோத்திருப்பதால் சில வகைப் படங்களில் அது பளிச்சென்று தெரியும். குடலில் வாயு நிறைந்திருந்தால் அல்ட்ராசவுண்டில் கணையம் மறைந்துவிடும், எம்.ஆர்.ஐ.க்கு அந்தத் தொல்லை கிடையாது.

எங்கள் ஊருக்கும் விலங்கு வளர்ப்புக்கும் பழைய உறவு. மத்திகிரிப் பண்ணை 1824இல் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியது. குதிரையும் மாடும் கணக்கில் வருகிற ஜீவன்கள். கறுப்பு நாட்டுநாய் எந்தப் பதிவேட்டிலும் வராது.

நான் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றேன். காசும் ஒரு காரணம், மறைக்கவில்லை. அல்ட்ராசவுண்டும், கணைய லிப்பேஸ் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். மூன்று ராத்திரி டிரிப்ஸ் ஏறியது. நாலாம் நாள் தோல் நீக்கி வேகவைத்த கோழியும் சோறும் கொஞ்சம் தின்றான்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். மருந்துச் சீட்டில் ‘கணைய அழற்சி’ என்பதற்குப் பக்கத்தில் டாக்டர் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.