பானி கேட் எந்த ஊர்ப் பெண்?

அயர்லாந்து பிடில் இசையில் ஊறியவர்களிடம் ‘பானி கேட்’ என்றால், மைக்கேல் கோல்மன் பெயர்தான் முதலில் வரும். 1891இல் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்து, 1914இல் அமெரிக்கா போய், நியூயார்க்கில் புகழ்பெற்றவர் அவர். 1930களில் அவர் பதிவுசெய்த இசைத்தட்டில் ‘பானி கேட்’ என்ற ரீல் நடன மெட்டைத் தொட்டுக்கொண்டே ‘ஜென்னியின் கோழிக்குஞ்சுகள்’ வரும். இரண்டும் அசல் ஐரிஷ் மெட்டுகள் என்று பெயர் வாங்கியவை. அவற்றின் பூர்விகத்தைத் தேடிப் புறப்பட்டேன்.

முதல் தடயம், சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ’நீல் 1907இல் வெளியிட்ட 1001 நடன மெட்டுகளின் தொகுப்பு. ‘பானி கேட்’ அதில் இருக்கிறது. அதற்கும் பின்னால் போகப் பெயரை நம்ப முடியாது. கடல் தாண்டும் மெட்டு முதலில் கழற்றிப்போடுவது பெயரைத்தான். ஸ்வரங்களைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குக் கைகொடுப்பது சார்லஸ் கோர் 1994இல் வெளியிட்ட ஸ்காட்லாந்து பிடில் இசை அட்டவணை. 18, 19ஆம் நூற்றாண்டு அச்சுத் தொகுப்புகளின் மெட்டுகளை, அவற்றின் தொடக்க ஸ்வரங்களை எண்களாக்கி வரிசைப்படுத்துகிறது அது. பெயர் வேறானாலும் எண்வரிசை காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வழி எடின்பரோவில் போய் முடிகிறது. அங்கே வாழ்ந்த பிடில் கலைஞர் டேனியல் டோ இயற்றிய ‘ஃபிஷெர்ரோ அழகி’தான் இந்தக் கேட். எடின்பரோவுக்குக் கிழக்கே, மஸல்பரோவை ஒட்டிய மீன்பிடித் துறை ஃபிஷெர்ரோ. டோ 1783இல் இறந்தார். கோல்மன் பிறக்க இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. கோழிக்குஞ்சுகளின் மூலமும் ஸ்காட்லாந்துதான்: ‘தூங்குமூஞ்சி மேகி’ என்ற பழைய ரீல்.

அச்சுப் புத்தகம் ஆண்டைச் சொல்லும். மெட்டைச் சுமந்துபோனவரைச் சொல்லாது. ஆனால் அயர்லாந்தின் டோனகல் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் ஸ்காட்லாந்துக்கு அறுவடைக்கும் உருளைக்கிழங்கு தோண்டவும் கூலியாட்கள் போய்வந்தார்கள். டோனகல் பிடில் இசையில் ஸ்காட்லாந்துச் சாயல் அழுத்தமாக இருப்பதற்கு இந்தப் போக்குவரத்து ஒரு முக்கியக் காரணம்.

பூர்விகம் தெரிந்ததும் ‘இது அயர்லாந்துடையது அல்ல’ என்று தீர்ப்பெழுதக் கை துறுதுறுக்கும். இசைத்தட்டை மறுபடி கேட்டால் அது நிற்காது. கோல்மன் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்வரங்களை மாற்றிப்போடுகிறார். வில் வீச்சும் சுழற்றல்களும் ஸ்லைகோ பாணி. பின்வந்த ஐரிஷ் கலைஞர்கள் பாடம் செய்தது அந்தத் தட்டைக் கேட்டுத்தான். ஆகவே இயற்றியவர் என்ற இடத்தில் டோவின் பெயரை எழுதலாம். இன்று ஐரிஷ் கலைஞர்கள் வாசிக்கும் வடிவத்துக்குக் கோல்மன் பெயரையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாகும்.