ரிஜிஸ்டரில் இல்லாதவர்களின் கடல்

எங்கப்பா உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷம் பாத்தி மிதித்தவர். கண் மங்கி வேலைக்குப் போக முடியாமல்போய், கணக்குக் கேட்கப் போனபோது, “நீ அன்னன்னைக்கு வந்த கூலி. ஒம் பேரு ரிஜிஸ்டர்ல இல்லயே” என்று திருப்பியனுப்பினார்கள். கூடப்போன எனக்கு அப்போது பதினான்கு வயது. பல வருஷம் கழித்து இங்கிலாந்தின் ஹல் துறைமுக வரலாற்றைப் படித்தபோது, அதே வார்த்தை அங்கேயும் கிடந்தது.

ஹல், கிரிம்ஸ்பி ஊர்களின் இழுவலைக் கப்பல்கள் ஐஸ்லாந்துப் பக்கம் போய்க் காட் மீன் பிடித்துவந்தன. ஐஸ்லாந்து சின்ன நாடு. மீனை விட்டால் விற்க அதற்கு அப்போது வேறு பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. 1958இல் 12 கடல் மைல், 1972இல் 50, 1975இல் 200 என்று எல்லையை விரித்து, அந்நியக் கப்பல்களை வெளியேறச் சொன்னது. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஐஸ்லாந்துக் காவல் கப்பல்களோ வலையிழுக்கும் கம்பிவடத்தையே அறுத்துவிட்டன. தன் மண்ணிலிருந்த நேட்டோ தளத்தைக் காட்டி ஐஸ்லாந்து மிரட்டியதும் பிரிட்டன் இறங்கிவந்தது. 1976 ஜூன் ஒப்பந்தப்படி ஆறு மாதத்துக்கு மட்டும் நாளுக்கு 24 கப்பல், அதன்பின் எதுவுமில்லை. அதே பிரிட்டன் 1977 ஜனவரியில் தனக்கும் 200 மைல் என்று வேலி போட்டுக்கொண்டது.

வரலாறு இதை இரண்டு தேசங்களின் சண்டை என்று எழுதி முடித்துவிடுகிறது. நமக்கு அது போதாது. ‘தேசத்தின் மீன்பிடித் தொழிலைக் காப்போம்’ என்ற சொல்லாடலில் ‘தொழில்’ என்பது யார்? கப்பலா, முதலாளியா, பனிக்காற்றில் விரல் மரத்து வலையிழுத்தவனா?

1968 ஜனவரி, பிப்ரவரியில் ஹல்லின் மூன்று கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கி 58 பேர் செத்தார்கள். மீன் ஆலைத் தொழிலாளியான லிலியன் பிலொக்கா பெண்களைத் திரட்டித் தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு கப்பலிலும் ரேடியோ ஆள் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அரசு பணிந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு வேலை போனது. கறுப்புப் பட்டியலில் சேர்த்து வேறு வேலையும் கிடைக்காமல் செய்தார்கள். அப்போது தேசத்தின் மீன்பிடித் தொழிலைக் காக்க எந்தப் போர்க்கப்பலும் வரவில்லை.

1976க்குப் பிறகு கப்பல்கள் கரையில் நின்றன. கப்பலைக் கழித்துக்கட்ட முதலாளிகளுக்கு அரசுப் பணம் கிடைத்தது. கடலிலேயே ஆயுசைத் தொலைத்தவர்களிடம் சொன்ன பதில்: ஒவ்வொரு பயணமும் தனித்தனி ஒப்பந்தம், ஆகவே நீங்கள் தற்காலிகக் கூலிகள், வேலையிழப்புத் தொகை கிடையாது. சங்கம் கட்டி விடாமல் போராடி, 2000இல்தான் நஷ்டஈடு வாங்கினார்கள். வருஷத்துக்கு 1,000 பவுன், அதிகபட்சம் 20,000. அதற்குள் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

ஜெயித்த ஐஸ்லாந்திலும் கதை வேறல்ல. அந்நியனை விரட்டிய கடலில் மீன்பிடி ஒதுக்கீட்டை 1990ஆம் ஆண்டுச் சட்டம் வாங்கிவிற்கும் சரக்காக்கியது. அது கொஞ்சப்பேர் கையில் குவிந்தது. ஒதுக்கீடு கிடைக்காத இரண்டு மீனவர்கள் கொண்டுபோன புகாரில், அந்த ஏற்பாடு பாகுபாடானது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2007இல் சொன்னது.

இதெல்லாம் நமக்கெதுக்கு என்று தோழர்கள் கேட்கலாம். ஐஸ்லாந்து தன் கடலைக் கேட்டது நியாயம்தான் என்பேன். ஹல் தொழிலாளி சோறு கேட்டதும் நியாயம்தான். இரண்டு நியாயத்தையும் மோதவிட்டு நடுவில் தப்பித்தவன் முதலாளி. பாக் நீரிணையிலும் விசைப்படகு முதலாளியையும் அதில் கூலிக்கு ஏறுகிறவனையும் ‘தமிழக மீனவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துத்தான் பேசுகிறோம். இழுவலையால் வலை கிழிந்து நிற்கும் யாழ்ப்பாணத்துச் சிறுமீனவனும் தமிழன்தான் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

இனி எவராவது மேடையேறி ‘நம் கடல், நம் தொழில்’ என்று முழங்கினால், கைதட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்போம்: ரிஜிஸ்டரைக் கொண்டாங்க, எங்க பேரு இருக்கான்னு பாப்போம்.