தோன்றா எழுவாய்: ஹிரோஷிமா நினைவுக்கல்லும் நீதிபதி பாலும்

1952 நவம்பரில் ஹிரோஷிமாவுக்குச் சென்ற நீதிபதி ராதாபினோத் பால், மூன்று மாதங்களுக்கு முன்னர் அங்கே திறக்கப்பட்டிருந்த நினைவுக்கல்லின் வாசகத்தை மொழிபெயர்க்கக் கேட்டு, அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தார். இறந்தோர் அமைதியாக உறங்கட்டும், அந்தப் பிழை மீண்டும் நேராது என உறுதி கூறும் வாசகம் அது. பிழை யாருடையது என்பதே பாலின் வினா. குண்டை வீசியவர்கள் ஜப்பானியர் அல்லர். வீசியவர்களின் கை இன்னும் தூய்மையாகவில்லை என்றார் அவர்.

இவ்வினாவுக்கு ஒரு முன்கதை உண்டு. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த பால், டோக்கியோவில் கூடிய போர்க்குற்றத் தீர்ப்பாயத்தின் 11 நீதிபதிகளுள் ஒருவர். 1948இல் அவர் அளித்த மாறுபட்ட தீர்ப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. முதல் உலகப்போரின்போது ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் எழுதியதாகக் கூறப்படும் கடிதமொன்றை அதில் பால் எடுத்தாள்கிறார். பெண்கள், குழந்தைகள், முதியோர் என்று பாராமல் அழித்தால் போர் இரண்டு மாதங்களில் முடியும். இரக்கம் காட்டினால் ஆண்டுக்கணக்கில் நீளும் என்பது அக்கடிதத்தின் தர்க்கம். பசிபிக் போரில் இதற்கு நெருங்கி வருவது ஒன்று உண்டெனில், அது அணுகுண்டை வீசும் முடிவே என்றார் பால். அத்தீர்ப்பின் மிக வலுவான இடம் இதுதான். போரைச் சுருக்கினோம் என்னும் நியாயம், குடிமக்களின் சாவைப் போரின் விளைவாகக்கூடக் கருதுவதில்லை. போரை முடிக்கும் கருவியாகக் கொள்கிறது. ட்ரூமனோ 1945 ஆகஸ்ட் 9 வானொலி உரையில் ஹிரோஷிமாவை இராணுவத் தளம் என்றார். குடிமக்கள் சாவதை இயன்றவரை தவிர்க்கவே அவ்விடம் தெரிவுசெய்யப்பட்டது என்றும் சொன்னார். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் இறந்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர்.

வாசகத்தை எழுதிய ஹிரோஷிமா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாதாயோஷி சைகா, தாமும் குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். அவ்வாக்கியத்தின் எழுவாய் மனிதகுலம் முழுவதும் என்று அவர் பாலுக்குக் கடிதம் எழுதினார். ஜப்பானிய வினைமுற்று இடமும் எண்ணும் காட்டாது. ஆகவே எழுவாய் முற்றாக மறைந்திருக்க முடிகிறது. தமிழின் தோன்றா எழுவாய் அவ்வளவு மறைவதில்லை. 'மீண்டும் செய்யமாட்டோம்' என்றால் 'ஓம்' விகுதி தன்மைப் பன்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். நாமா, நாங்களா என்பதை மட்டும் அது சொல்லாது. பாலுக்கும் சைகாவுக்கும் இடையிலான வழக்கு அந்த இடைவெளியில் நிகழ்ந்தது. பால் 'நாங்கள்' என்று வாசித்தார். சைகா 'நாம்' என்று எழுதினார். அந்த அகன்ற 'நாம்' என்பதற்குள் வீசியவரும் ஒளிந்துகொள்ளலாம் என்னும் ஐயம் புறந்தள்ளத் தக்கதன்று.

ஆயின் ஹிரோஷிமாவில் எழுவாயைத் தேடிய பால், வேறோர் இடத்தில் அதைத் தொலைத்தார். 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. ஜப்பானியப் படையின் கொடுமைகள் நிகழ்ந்தன என்பதைப் பால் மறுக்கவில்லை. டோக்கியோவில் நிறுத்தப்பட்ட அமைச்சர்களையும் தளபதிகளையும் அவற்றுக்குப் பொறுப்பாக்கச் சான்று போதாது என்றார். அங்கே சாவுகள் மட்டும் எஞ்சின, செய்தவர் எவருமில்லை.

உயிர் பிழைத்த அத்தமிழர்களுக்கு 1945 ஆகஸ்ட் சரணாகதி விடுதலையாக வந்தது. குண்டை எதிர்ப்போர் இதை எளிதில் கடந்துபோகக் கூடாது. எனினும் அவர்களுக்கு இழைக்கப்பட்டதற்குக் கடன்பட்டது ஜப்பானிய அரசும் படையும். குண்டு விழுந்த காலையில் தீத்தடுப்பு வெளிகளுக்காக வீடுகளை இடிக்கும் பணியில் நிறுத்தப்பட்டு மாண்ட பள்ளி மாணவர்கள் அல்லர்.

சைகாவின் 'நாம்' ஹிரோஷிமாவிலேயே எல்லாரையும் உடனே உட்கொள்ளவில்லை. குண்டுவீச்சில் இறந்தோருள் ஆயிரக்கணக்கானோர் கொரியர். கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டோரும் அவர்களுள் அடங்குவர். 1970இல் அவர்களுக்கென எழுப்பப்பட்ட நினைவுக்கல், அமைதிப் பூங்காவுக்கு வெளியே ஆற்றின் மறுகரையில் நின்றது. அது பூங்காவுக்குள் கொண்டுவரப்பட்டது 1999இல்.