கணியம் முதல் ஜிபிஎஸ் வரை



யூபிலி ஆண்டு வந்துவிட்டால் கோவில் கட்டிய கதையைப் பேசாத வீடு கடலோரத்தில் இராது. கல் சுமந்தவர் யார், மணி வாங்கித் தந்தவர் யார், எந்தப் பங்குத்தந்தை காலத்தில் கோபுரம் எழுந்தது என்பனவெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களுக்கு உரியவை. கன்னியாகுமரிக் கடலோரக் கோவில்கள் பலவற்றுக்கும் பொதுவான வேறொரு கணக்கு உண்டு. கரை சேர்ந்த மீனில் ஒரு பங்கைக் குத்தகையாகக் கொடுத்தே நம் முன்னோர் கோவில் எழுப்பினர். அப்படி எழுந்த கோபுரம், பின்னர் நடுக்கடலில் நின்றவனுக்கு மீன் கிடக்கும் பாரைக் காட்டிக் கொடுத்தது. மீன் கோவிலைக் கட்டியது. கோவில் மீனைக் காட்டியது எனலாம்.

இன்று அந்தக் கோபுரத்தின் வேலையைப் படகின் பின்புறத்தில் பொருத்திய இரண்டு சிறு கருவிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஜிபிஎஸ், மற்றொன்று எக்கோ சவுண்டர் என்று நாம் வழங்கும் மீன்காட்டி. இவை வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதும், முதன்முதலாகச் சொந்தப் படகு வாங்க முனைந்திருக்கும் நம் இளைஞர்களுக்கு அவ்வரலாறு கற்றுத் தரும் பாடத்தை எடுத்துக் காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணியம் என்னும் கலை

கடலுக்குள் மைல்கல் இல்லை. நேற்று மீன்பட்ட இடத்துக்கு இன்று மீண்டும் போவது எப்படி? இக்கேள்விக்கு நம் முன்னோர் கண்ட விடையே கணியம். கரையில் அருகே தெரியும் ஒரு பொருளையும், அதற்குப் பின்னால் தொலைவில் தெரியும் மற்றொரு பொருளையும் நேர்கோட்டில் நிறுத்திப் பார்ப்பார்கள். கோவில் கோபுரத்தின் நேர் பின்னால் இன்ன மலையின் முகடு வந்துவிட்டால் ஒரு கோடு கிடைத்தது. பிறகு வேறொரு திசையில் ஒரு குருசடியையோ தனித்து நிற்கும் பனையையோ மற்றொரு முகட்டுடன் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது கோடு கிடைக்கும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே பார் இருக்கும் இடம்.

நில அளவையாளர் முக்கோணக் கணக்கால் செய்யும் வேலையை, பள்ளிக்கூடம் பாராத மனிதர்கள் கண்ணாலேயே செய்தார்கள். அதோடும் நிற்கவில்லை. கயிற்றில் ஈயக்கட்டியைக் கட்டி இறக்கி, எத்தனை பாகம் ஆழம் என்று அளந்தார்கள். ஒரு பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ ஆறு அடி. ஈயம் தரையைத் தொடும்போது கையில் உணரும் அதிர்விலிருந்தே கீழே கிடப்பது பாறையா, மணலா, சேறா என்று சொல்லிவிடுவார்கள்.

உயரமான கோபுரம் எவ்வளவு தொலைவுக்குத் துணை செய்யும் என்பதைக் கணக்கிட்டே அறியலாம். கன்னியாகுமரியில் உள்ள தூய அலங்கார உபகார மாதா திருத்தலத்தின் நடுக் கோபுரம் 153 அடி உயரமுடையது. கட்டுமரத்தில் இருப்பவன் கண்ணுக்கு, வானம் தெளிவாக இருந்தால், அதன் உச்சி ஏறத்தாழ 16 கடல் மைல் வரை தொடுவானத்துக்கு மேலே தெரிய வேண்டும். செபமாலையின் மணிக்கணக்கான அந்த 153, திபேரியாக் கடலில் உயிர்த்த ஆண்டவர் சொற்படி வலை வீசிய சீடர்களுக்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கையும் அன்றோ!

கணியம் குடும்பச் சொத்தாக இருந்தது. தகப்பன் மகனுக்குச் சொல்லித் தருவான். வேறு படகு அருகில் வந்தால் வலையை எடுத்துக்கொண்டு விலகிப் போவான். அதில் சிறிது தன்னலம் இருந்தது உண்மையே. ஆனால் பாருக்கு ஓய்வும் அதனால்தான் கிடைத்தது. ஒரு பாரை அறிந்தவர் சிலரே. அவர்களும் பாயை விரித்துக் காற்றை நம்பிப் போனவர்களே. மீன் குஞ்சு பொரித்துப் பெருக அதற்குக் காலம் இருந்தது.

எஞ்சின் வந்தது

1952-ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் இந்திய–நார்வே திட்டம் தொடங்கியது. தென்மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகள் பெருகியதற்கு அதுவே தொடக்கம். பின்னர் 1980களில் முட்டத்தில் ஒட்டுப்பலகையால் சிறு படகுகள் கட்டும் முயற்சி நடந்தது. வெளிப்பொருத்து எஞ்சின்களும் கரையெங்கும் பரவின. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கரையைத் தாக்கியபின், உடைந்துபோன கட்டுமரங்கள் பலவற்றின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்தன.

எஞ்சின் நம்மைத் தொலைவுக்குக் கொண்டுபோயிற்று. தொலைவு கூடக் கூடக் கரையின் அடையாளங்கள் மறைந்தன. மலையும் கோபுரமும் தெரியாத இடத்தில் கணியத்துக்கு வேலை இல்லை. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு அரபிக் கடலில் நெடுந்தொலைவு சென்றபோது திசைகாட்டியும் விண்மீன்களுமே அவர்களுக்குத் துணை. ஆகவே புதிய கருவி வந்தபோது அதைக் கைநீட்டி வரவேற்றதில் வியப்பில்லை.

மீனவன் சொல்லிப் பிறந்த கருவி

டைட்டானிக் கப்பல் 1912-இல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதன்பின் கடலுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் முயற்சி தீவிரமடைந்தது. ஜெர்மானியரான அலெக்சாண்டர் பேம் 1913-இல் எதிரொலியால் ஆழம் அளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒலி கடல்நீரில் வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். நம் முன்னோரின் ஈயக்கட்டி செய்த வேலையே இது. கயிற்றுக்குப் பதிலாக ஒலி.

அதை மீன் தேடுவதற்கு ஏற்றதாக்கியவர்கள் ஜப்பானின் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள். படகுகளில் மின்வேலை செய்துவந்த கியோதாகா ஃபுருனோவிடம், கடலில் குமிழி எழும் இடத்தில் மீன் உண்டு என்று அனுபவமுள்ள மீனவர் ஒருவர் சொன்னாராம். குமிழியில் ஒலி பட்டால் எதிரொலிக்கும் அல்லவா என்று அவர் சிந்தித்தார். 1948-ஆம் ஆண்டில் உலகின் முதல் நடைமுறை மீன்காட்டி விற்பனைக்கு வந்தது. நம் கரையில் நற்செய்தி அறிவித்த புனித சவேரியார் 1550-இல் கால்பதித்த ஹிராடோ தீவும் அதே நாகசாகிப் பகுதியில்தான் இருக்கிறது. விஞ்ஞானி தந்த கருவி என்று நாம் வியக்கும் பெட்டியின் பிறப்பில் ஒரு மீனவனின் சொல் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

இக்கருவி மீனைப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையையே உணர்கிறது. சுறாவுக்குக் காற்றுப்பை இல்லை, சூரைக்கும் இல்லை. ஆகவே அவற்றின் எதிரொலி மெலிந்தே வரும். திரை வெறுமையாக இருப்பதால் கடல் வெறுமை என்று முடிவு செய்வது தவறு.

வானத்திலிருந்து கணியம்

ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்துக்காகப் பிறந்தது. அதன் முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது; 1995-இல் முழு அமைப்பும் செயல்படத் தொடங்கியது. பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பில் 100 மீட்டர் வரை பிழை வருமாறு வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நீக்கினார்கள். அதன் பிறகே சிறு பாரையும் தப்பாமல் பிடிக்க முடிந்தது. நமது நாடும் 2013 முதல் 2016 வரை செயற்கைக்கோள்களை ஏவி, நாவிக் என்ற சொந்த அமைப்பை நிறுவியது.

இதனால் வந்த நன்மை பெரிது. மூடுபனியிலும் நள்ளிரவிலும் கரை திரும்ப முடிகிறது. எரிபொருள் மிச்சமாகிறது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் அறிவிக்கும் மீன்வள இடங்களை எண்களைக் கொண்டே சென்றடையலாம். தமிழ்நாட்டின 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கரையை ஒட்டிய குறிப்பிட்ட தொலைவுக்குள் இழுவைப் படகுகள் தொழில் செய்யலாகாது என்கிறது. வலை அறுபட்டால் இடத்தையும் நேரத்தையும் அங்கேயே கருவியில் பதிந்துவைத்தவன், நியாயம் கேட்கும்போது வெறுங்கையோடு நிற்கமாட்டான்.

இழப்பும் உண்டு. பாட்டன் நாற்பது ஆண்டுகள் காத்த பார் இன்று இரண்டு எண்கள். அந்த எண்களை ஒருவன் நொடியில் நகலெடுத்துக்கொள்ளலாம். ஒரே பாரில் இருபது படகுகள் நின்றால் மீன் எங்கே தங்கும்?

முதல் படகு வாங்கும் தம்பிக்கு

முதலாவதாக, கடைக்குப் போகுமுன் உன் தொழிலை எண்ணிப்பார். எத்தனை பாகம் ஆழத்தில் வலையிடப் போகிறாய் என்பதே முதற்கேள்வி. கருவிகள் பெரும்பாலும் 200, 50 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளில் இயங்கும். 200 கரையோர ஆழத்தில் நுணுக்கமாகக் காட்டும். 50 ஆழத்துக்குப் போகும், ஆனால் பரந்து விரியும். ஒலிக்கற்றை 20 டிகிரி விரிந்தால், 60 மீட்டர் ஆழத்தில் தரையில் ஏறத்தாழ 21 மீட்டர் அகலத்தை மூடும். திரையில் தெரியும் மீன் படகுக்கு நேர் கீழேதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாவதாக, திரையின் அகலத்தைப் பார்த்து மயங்காதே. நண்பகல் வெயிலில் எழுத்து தெரிகிறதா, உப்புநீர் புகாதா, பழுதானால் பார்க்க அருகில் ஆள் உண்டா என்று கேள். தரகரிடம் முன்பணம் வாங்கிப் பெரிய திரை வாங்கினால், அந்தத் திரையில் தெரியும் மீனெல்லாம் அவர் சொன்ன விலைக்கே போகும்.

மூன்றாவதாக, இரண்டு கருவியும் ஒன்றாய் அமைந்த பெட்டி விலையில் மலிவு, இடமும் குறைவு. ஆனால் அது நின்றால் இரண்டும் நிற்கும். அதை வாங்குபவன் கையடக்க ஜிபிஎஸ் ஒன்றையும் காந்தத் திசைகாட்டியையும் தனியே வைத்திருக்க வேண்டும். கயிறிழுத்து இயக்கும் எஞ்சினில் பாட்டரியை ஏற்ற வசதி இல்லையென்றால், ஒவ்வொரு நாளும் கரையில் ஏற்றிய பிறகே புறப்பட வேண்டும்.

நான்காவதாக, ஒலியுணரி பொருத்தும் இடம். எஞ்சின் விசிறியின் குமிழி அதன்மேல் பட்டால் திரை குழம்பிவிடும். வெறும் ஃபைபர் அடித்தளத்தின் உள்ளே ஒட்டினாலும் ஒலி ஊடுருவும். நடுவே பலகையோ நுரையோ இருந்தால் ஊடுருவாது. மணலில் ஏற்றும் படகுக்கு, கரை நெருங்கியதும் மேலே தூக்கிவிடக்கூடிய கம்பில் பொருத்துவதே நல்லது.

ஐந்தாவதாக, எண் எழுதும் முறை. 8 டிகிரி 5.50 நிமிடம் என்பதும், 8 டிகிரி 5 நிமிடம் 50 வினாடி என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே 600 மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. உதவிக்கு வருகிறவன் தவறான இடத்துக்குப் போனால் எண்ணால் என்ன பயன்? உன் கருவி எந்த முறையில் காட்டுகிறது என்பதை உடன் வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடு. ஆள் கடலில் விழுந்தால் அமுக்க வேண்டிய பொத்தான் எது என்பதையும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒக்கி சொல்லிய பாடம்

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை நம் கரை மறக்காது. இன்றும் நம் பீடங்களில், திரும்பி வராதவர்களின் பெயரால் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. அன்று கடலில் இருந்த படகுகளில் ஜிபிஎஸ் வைத்திருந்தவையும் உண்டு. ஆனால் ஜிபிஎஸ் கேட்கும் செவி. பேசும் வாய் அல்ல. நீ எங்கே இருக்கிறாய் என்று உனக்குச் சொல்லும். கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லாது. புயல் வருகிறது என்றும் அது எச்சரிக்காது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையைக் கொண்டு சேர்க்க வழியில்லாமல் போனதே அந்நாளின் பெருந்துயரம்.

அதன் பிறகே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகளும் தொலைபேசிகளும் பேசுபொருளாயின. ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் இருவழிச் செய்திக் கருவி பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பட்டது. ஆகவே, தம்பி, பணம் குறைவாக இருந்தால் வாங்கும் வரிசை இதுவே: முதலில் உயிர்க்கவசம், திசைகாட்டி, விஎச்எஃப் வானொலி, அடுத்து ஜிபிஎஸ்ஸும் செய்திக் கருவியும், மீன்காட்டி அதற்குப் பிறகுதான். மீனைக் காட்டும் கருவியை விட வீட்டைக் காட்டும் கருவி மேலானது.

யூபிலி ஆண்டின் வேண்டுகோள்

கணியம் அறிந்த பெரியவர்கள் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். கரையின் அடையாளங்களும் மாறிவிட்டன. பனைகள் வீழ்ந்தன, மாடிவீடுகள் மலையை மறைத்தன, பழைய கோவில் இருந்த இடத்தில் புதியது எழுந்தது. பாரின் பெயர் தெரிந்தவருக்கு எண் தெரியாது. எண் தெரிந்தவருக்குப் பெயர் தெரியாது.

கருவி வைத்திருக்கும் ஒவ்வோர் இளைஞனும், அமைதியான ஒரு நாளில், தன் பாட்டனையோ ஊர்ப் பெரியவர் ஒருவரையோ படகில் அழைத்துச் செல்லட்டும். அவர் கணியம் பார்த்துக் காட்டும் இடத்தில் படகை நிறுத்தி, எண்ணோடு பாரின் பெயரையும், எந்தக் கோபுரம் எந்த முகட்டோடு சேர்ந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். பாட்டரி தீர்ந்த நாளிலும் அந்த நோட்டு பேசும். எந்தப் பாரை எந்த மாதத்தில் விட்டுவைக்க வேண்டும் என்று பெரியவர் சொல்வதையும் மறவாமல் எழுதுங்கள்; அதை எந்தத் திரையும் காட்டாது.

கோவிலுக்கு மீன் கொடுத்த கடலுக்கு நாம் திருப்பிச் செய்யும் கைம்மாறு அதுவே. கடலுக்குப் போகும் நம் மக்கள் அனைவரும் நாள்தோறும் நலமாய்க் கரை சேர இறைவன் துணை நிற்பாராக!